ஹெல்த் எகானமிஸ்ட் என்ன பண்றாங்க? மருந்து, ஸ்க்ரீனிங், செலவு பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

இந்தத் துறையில இருக்குறதால ஒரே மாதிரி கேள்விங்க திரும்பத் திரும்ப வருது. சிலது ஆர்வத்துல கேக்குறது, சிலது கோவத்துல கேக்குறது, ரெண்டுக்கும் ஒழுங்கா பதில் சொல்லணும்னு எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

கேள்வி: ஹெல்த் எகானமிஸ்ட்னா ஆஸ்பத்திரி கணக்கு வழக்கு பாக்குறவங்களா?

இல்லைங்க. பில்லு, இன்சூரன்ஸ் க்ளெய்ம் எல்லாம் வேற ஆளுங்க வேலை. ஒரு புது மருந்தோ ஆபரேஷனோ ஸ்க்ரீனிங் டெஸ்ட்டோ (அறிகுறி இல்லாதவங்களுக்கு முன்கூட்டியே பண்ற டெஸ்ட்) வருதுன்னு வைங்க, இப்ப ஜனங்களுக்கு கிடைக்கிற வைத்தியத்தை விட அது எவ்வளவு கூடுதலா ஆயுசு குடுக்குது, அந்த ஆயுசு நடமாட முடியுற ஆயுசா படுக்கையில கிடக்குற ஆயுசா, அதுக்கு எவ்வளவு கூடுதலா செலவாகுது, இந்த மூணையும் ஒண்ணா வச்சு பாக்குறதுதான் எங்க வேலை. "கூடுதலா"ங்கிறதை கெட்டியா புடிச்சுக்கோங்க, மத்ததெல்லாம் அதுலேருந்துதான் வருது.

கேள்வி: அப்ப மனுஷ உயிருக்கு விலை போடுறீங்க, அப்படித்தானே?

இந்தக் கேள்வி கேட்டா நான் கோவப்படுறதில்ல, கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா பணம் எங்கேருந்து வருதுன்னு பாருங்க. ஒரு நாட்டோட சுகாதார பட்ஜெட்டுல ஒரு புது மருந்துக்கு நூறு கோடி ஒதுக்குறாங்கன்னா அந்த நூறு கோடி ஆகாயத்துலேருந்து விழல, டயாலிசிஸ் மெஷின்லேருந்து, பிரசவ வார்டு நர்ஸ் சம்பளத்துலேருந்து, மனநல க்ளினிக்லேருந்து எங்கேயோ ஒரு இடத்துல குறைஞ்சுதான் வருது. புது மருந்து கிடைச்சவருக்கு பேர் இருக்கு, முகம் இருக்கு, பேப்பர்ல போட்டோ வரும். குறைஞ்ச இடத்துல நஷ்டப்பட்டவர் யாருன்னு அவருக்கே தெரியாது. அவரோட நஷ்டத்தையும் கணக்குல எழுதணும்ங்கிறதுக்காகத்தான் இந்த வேலையே இருக்கு, நான் இதை மனசார நம்புறேன்.

இதை நம்பராவே பாக்கலாம். இங்கிலாந்துல 1999ல ஆரம்பிச்ச நைஸ்ங்கிற அமைப்பு, ஒரு மருந்தை அரசாங்க செலவுல குடுக்கலாமா வேணாமான்னு சொல்றவங்க, ரொம்ப வருஷமா ஒரு குவாலிக்கு (அது என்னன்னு கீழே சொல்றேன்) 20,000லேருந்து 30,000 பவுண்டு வரைக்கும் சரின்னு வச்சிருந்தாங்க. யார்க் யுனிவர்சிட்டி ஆளுங்க வேற பக்கத்துலேருந்து பாத்தாங்க: என்எச்எஸ், அதாவது அங்க இருக்குற அரசாங்க மருத்துவ சேவை, இப்ப செலவு பண்ற பணத்துல கொஞ்சம் கூடினாலோ குறைஞ்சாலோ எவ்வளவு ஆரோக்கியம் கூடுது குறையுது? 2015ல வெளியிட்ட கணக்குல ஒரு குவாலிக்கு சுமார் 13,000 பவுண்டுதான் வந்துச்சு. அதாவது ஒரு குவாலிக்கு 30,000 பவுண்டு ஆகுற மருந்துக்கு சரின்னு சொன்னா, ஒரு இடத்துல ஒரு குவாலி கிடைக்குது, வேற எங்கேயோ ரெண்டுக்கு மேல போகுது. இந்த 13,000ங்கிற நம்பர் மேல இன்னும் சண்டை ஓடுது, ஓடட்டும், ஆனா போற பக்கத்தையும் அளந்து பாக்கணும்னு சொன்னாங்க பாருங்க, அது ரொம்பப் பெரிய விஷயம்.

கேள்வி: சரி, குவாலின்னா என்ன?

ஆயுசையும் அந்த ஆயுசோட தரத்தையும் பெருக்குறது. நல்லா ஆரோக்கியமா ஒரு வருஷம் இருந்தா 1, செத்துப்போனா 0. மூட்டு வலியோட 0.6 தரத்துல பத்து வருஷம் இருக்குறவருக்கு 6 குவாலி, அதே ஆளுக்கு ஒரு ட்ரீட்மெண்ட் குடுத்து தரம் 0.8 ஆச்சுன்னா 8 குவாலி, ஆயுசு ஒரு நாள் கூட கூடல, ஆனா 2 குவாலி லாபம். வலி குறைக்குற, பார்வை குடுக்குற வைத்தியமெல்லாம் "உயிரைக் காப்பாத்தலையே"ன்னு ஒதுங்கிப் போயிடாம இருக்குறதுக்கு இதுதான் காரணம்.

அந்த 0.6 எங்கேருந்து வருதுன்னு கேப்பீங்க. ஈக்யூ ஃபைவ் டின்னு ஒரு பக்க கேள்வித்தாள் இருக்கு. நடமாட்டம், தன்னைத்தானே கவனிச்சுக்கிறது, வழக்கமான வேலைங்க, வலி, கவலை அல்லது மனச்சோர்வு, இந்த அஞ்சு தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் பிரச்சனை இல்லைங்கிறதுலேருந்து முடியவே முடியலைங்கிற வரைக்கும் அஞ்சு பதில். மொத்தம் 3,125 விதமான உடல்நிலை வரும். ஒவ்வொண்ணுக்கும் மதிப்பெண் போடுறதுக்கு பொதுஜனங்க கிட்ட போய், "இந்த நிலைமையில 10 வருஷம் வாழுறீங்களா, இல்ல முழு ஆரோக்கியத்தோட 7 வருஷம் போதுமா"ன்னு நம்பரை மாத்தி மாத்தி கேக்குறாங்க, எந்த இடத்துல அவருக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு தோணுதோ அதுதான் மதிப்பெண் (7 வருஷத்துலன்னா 0.7). 3,125லயும் கேக்க முடியாது, கொஞ்சத்துல கேட்டுட்டு மீதியை புள்ளியியல் வச்சு கணிப்பாங்க.

இதுல எனக்கு மனசு உறுத்துற இடம் ஒண்ணு இருக்கு. பல வருஷமா வியாதியோட இருக்குறவங்க அதுக்குப் பழகிடுவாங்க, படி ஏறுறதை நிறுத்தி மூணு வருஷம் ஆனவங்க "நடமாட்டத்துல பிரச்சனை இல்லை"ன்னு டிக் போடுவாங்க, ஏன்னா அவங்க போற இடமே சுருங்கிப் போச்சு. காது கேக்காதது, உடம்பு அசதி, தூக்கம், இதெல்லாம் அந்த அஞ்சு தலைப்புல நேரடியா வராது. அதனால நோயாளிங்க பேச்சை தனியா உக்காந்து கேக்காம இந்த ஒரு நம்பரை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லுவேன்.

கேள்வி: "காஸ்ட் எஃபெக்டிவ்"னா மலிவானதுன்னு அர்த்தமா?

இல்லவே இல்ல. விலை அதிகமா இருந்தாலும் காஸ்ட் எஃபெக்டிவா இருக்கலாம், சல்லிசா இருந்தாலும் வீண் செலவா இருக்கலாம். ஒரு உதாரணம், எந்த நாட்டுப் பணமா வேணா வச்சுக்கோங்க. பழைய ட்ரீட்மெண்டுக்கு 2,00,000 செலவு, 4 குவாலி கிடைக்குது. புதுசுக்கு 5,00,000 செலவு, 4.5 குவாலி. கூடுதல் செலவு 3,00,000, கூடுதல் லாபம் அரை குவாலி, ஒண்ணை இன்னொண்ணால வகுத்தா ஒரு குவாலிக்கு 6,00,000. இந்த நம்பரை நாங்க ஐசர்னு சொல்லுவோம், இது அந்த நாடு சரின்னு வச்சிருக்குற அளவுக்குள்ள வந்தா அதுதான் காஸ்ட் எஃபெக்டிவ். நிறைய பேர் 5,00,000ஐ 4.5ஆல வகுத்து 1,11,000 தான் ஆகுதுன்னு விளம்பரத்துல போடுவாங்க, அது தப்புக் கணக்கு, ஏன்னா 4 குவாலி எப்படியும் பழைய வைத்தியத்துலயே கிடைச்சிருக்கும்.

இந்த சராசரிக்கும் கூடுதலுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு எங்க ஆளுங்க எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய உதாரணம் ஒண்ணு உண்டு. 1975ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு. குடல் கேன்சரைக் கண்டுபிடிக்க மலத்துல ரத்தம் இருக்கான்னு ஆறு தடவை அடுத்தடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லிட்டிருந்த காலம். ஆறு டெஸ்ட்டையும் சேத்துப் பாத்தா ஒரு கேன்சரைக் கண்டுபிடிக்க சராசரியா 2,451 டாலர், பரவால்லையேன்னு தோணும். ஆனா முதல் அஞ்சு டெஸ்ட்டே கிட்டத்தட்ட எல்லாத்தையும் புடிச்சிடுது, ஆறாவது டெஸ்ட்டுனால மட்டும் கூடுதலா கிடைக்கிற ஒரு கேன்சருக்கு எவ்வளவுன்னு பாத்தா 4.7 கோடி டாலருக்கு மேல வந்துச்சு. அந்தக் கணக்குல வச்ச அனுமானங்களைப் பின்னாடி வேற ஆளுங்க கேள்வி கேட்டாங்க, அது நியாயம்தான், ஆனா சராசரியைப் பாத்து ஏமாறக் கூடாதுங்கிற பாடம் அப்படியே நிக்குது.

கேள்வி: மருந்தை நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாக்குற ட்ரையல் ரெண்டு வருஷம்தான் நடந்துச்சு, நீங்க எப்படி முப்பது வருஷத்துக்கு கணக்கு போடுறீங்க?

மாடல் கட்டுறோம். சாதாரணமா எக்செல்லயோ, ஆர்ங்கிற புள்ளியியல் சாஃப்ட்வேர்லயோதான். கேன்சர் மருந்துன்னா மூணு நிலை வைப்போம்: வியாதி அடங்கி இருக்கு, திரும்ப வளருது, இறப்பு. ஆயிரம் பேரை முதல் நிலையில போட்டு, மாசா மாசம் எத்தனை பேர் அடுத்த நிலைக்குப் போறாங்கன்னு ஒவ்வொரு வரிசையா கீழே இறங்கும், ஒவ்வொரு நிலைக்கும் ஒரு செலவு, ஒரு தர மதிப்பெண், கடைசியில எல்லாத்தையும் கூட்டிடுவோம்.

மாடல் பிழைக்குறதும் கெடுறதும் ஒரு இடத்துலதான். ட்ரையல் டேட்டா 24ஆவது மாசத்துல முடியுது, அந்த இடத்துல பாதி நோயாளிங்க இன்னும் உயிரோட இருக்காங்க, அவங்க எவ்வளவு நாள் இருப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது. அதனால ஒரு வளைகோட்டைப் பொருத்தி நீட்டுறோம்: எக்ஸ்பொனென்ஷியல், வைபுல், லாக் நார்மல், கோம்பெர்ட்ஸ்னு பல வகை. திரையில பாத்தா 24 மாசம் வரைக்கும் எல்லாக் கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு கிடக்கும், எது நல்லா பொருந்துதுன்னு புள்ளியியல் டெஸ்ட் வச்சாலும் பெருசா வித்தியாசம் சொல்லாது. அதுக்கப்புறம் விரிய ஆரம்பிக்கும். பத்தாவது வருஷத்துல ஒரு கோடு நூத்துல அஞ்சு பேர் உயிரோட இருக்காங்கன்னு சொல்லும், இன்னொண்ணு இருபது பேர்னு சொல்லும். ஒரே ட்ரையல், ஒரே மருந்து, ஒரே விலை, கோட்டை மாத்தினா மட்டும் ஐசர் ரெண்டு மடங்கு ஆயிடும். யாராவது ஒரு ரிப்போர்ட்டைக் குடுத்து பாக்கச் சொன்னா நான் முதல்ல திறக்குற பக்கம் இதுதான். சில மாடல்ல பதினஞ்சாவது வருஷத்துல கேன்சர் நோயாளியோட இறப்பு வாய்ப்பு அதே வயசு ஆரோக்கியமான ஆளை விட குறைவா வந்து நிக்கும், அதை யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க.

நிச்சயமில்லாத ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வீச்சு குடுத்து மாடலை ஆயிரக்கணக்கான தடவை ஓட விடுறதும் உண்டு, எத்தனை சதவீதம் தடவை இந்த மருந்து காஸ்ட் எஃபெக்டிவா வருதுன்னு அதுல தெரியும். ஆனா தப்பான வளைகோட்டை வச்சு பத்தாயிரம் தடவை ஓட்டினாலும் தப்புதான் வரும்.

கேள்வி: வருமுன் காப்பது நல்லதுதானே, ஸ்க்ரீனிங்கை எதுக்கு கேள்வி கேக்குறீங்க?

வியாதி வந்து டாக்டரைத் தேடி வர்றவங்களுக்கு வைத்தியம் பண்றது வேற, நல்லா இருக்குறவங்களை நாமளே கூப்பிட்டு டெஸ்ட் பண்றது வேற. கூப்பிடுறவங்களுக்குப் பொறுப்பு அதிகம். அதனாலதான் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968லயே எந்த வியாதிக்கு ஸ்க்ரீனிங் பண்ணலாம்னு பத்து நிபந்தனை எழுதி வச்சாங்க, இன்னைக்கும் அதைத்தான் எடுத்து வச்சு பேசுறோம்.

முதல்ல சாதாரணக் கணக்கு. 10,000 பேரைக் கூப்பிடுறீங்க, அதுல 50 பேருக்கு வியாதி இருக்கு. வியாதி உள்ளவங்கள்ல 90 சதவீதத்தைப் புடிக்குற டெஸ்ட், இல்லாதவங்கள்ல 95 சதவீதம் பேரை சரியா இல்லைன்னு சொல்ற டெஸ்ட், கேக்க நல்லாத்தானே இருக்கு? 45 பேரை சரியா புடிக்கும். வியாதி இல்லாத 9,950 பேர்ல 5 சதவீதம், கிட்டத்தட்ட 498 பேருக்கு இருக்குன்னு பொய்யா சொல்லும். பாசிடிவ்னு லெட்டர் வந்த 543 பேர்ல நிஜமா வியாதி உள்ளவங்க நூத்துக்கு எட்டு பேர். மீதிப் பேருக்கு ஸ்கேன், பயாப்ஸி, ரிசல்ட் வர்ற வரைக்கும் தூக்கமில்லாத ராத்திரி, லீவு போட்ட சம்பளம். டெஸ்ட் கிட்டோட விலை இதுல ஒரு சின்னப் பகுதிதான்.

ரெண்டாவது, "அஞ்சு வருஷம் உயிரோட இருக்குறவங்க எண்ணிக்கை கூடிருச்சு"ங்கிற பேச்சு. ஒருத்தருக்கு 67 வயசுல அறிகுறி தெரிஞ்சு 70ல இறக்குறார், 3 வருஷம். அவரையே 60 வயசுல ஸ்க்ரீனிங்ல கண்டுபிடிச்சு அப்பவும் 70லதான் இறக்குறார்னா 10 வருஷம் பிழைச்ச மாதிரி கணக்கு வரும். ஒரு நாள் கூட ஆயுசு கூடல, நோயாளின்னு தெரிஞ்சுகிட்டு வாழ்ந்த வருஷம்தான் ஏழு கூடியிருக்கு. அதனால நாங்க கேக்குறது இறப்பு குறைஞ்சுதாங்கிறதை மட்டும்தான்.

மூணாவது இருக்குறதுலயே மோசமானது, வாழ்நாள் முழுக்க தொந்தரவே பண்ணியிருக்காத வியாதியைத் தேடிக் கண்டுபிடிக்குறது. தென் கொரியாவுல 1999ல தேசிய கேன்சர் ஸ்க்ரீனிங் ஆரம்பிச்சாங்க. தைராய்டு அதுல இல்ல, ஆனா வந்தவங்களுக்குக் கொஞ்சம் காசு சேத்துக் குடுத்தா கழுத்துல அல்ட்ராசவுண்டும் பாத்தாங்க. 2011ல தைராய்டு கேன்சர்னு சொல்லப்பட்டவங்க விகிதம் 1993ல இருந்ததை விட 15 மடங்கு ஆச்சு, ஒரே வருஷத்துல 40,000 பேருக்கு மேல. அந்தக் கேன்சரால சாகுறவங்க எண்ணிக்கை அப்படியே இருந்துச்சு. கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஆபரேஷன், பெரும்பாலானவங்களுக்கு ஆயுசு முழுக்க மாத்திரை, சிலருக்கு குரல் நாண் செயலிழந்து போச்சு, நல்லா இருந்த மனுஷங்களுக்கு. 2014ல சில டாக்டருங்க பகிரங்கமா எச்சரிச்சப்புறம்தான் ஆபரேஷன் எண்ணிக்கை மளமளன்னு குறைஞ்சுது.

இங்கிலாந்துல சினைப்பை (ஓவரி) கேன்சருக்கு 2,00,000க்கு மேல பெண்களைச் சேத்து ஒரு ட்ரையல் நடத்தினாங்க, 2021ல நீண்டகால முடிவு வந்துச்சு. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சேத்துப் பாத்த குழுவுல ஆரம்பக் கட்டத்துல கண்டுபிடிச்சது நிஜமாவே கூடுச்சு. ஆனா இறப்பு குறையல. சீக்கிரம் கண்டுபிடிச்சாலே பிழைச்சுடலாம்னு நாம நினைக்குறது எல்லாக் கேன்சருக்கும் பொருந்தாதுன்னு காட்ட அவ்வளவு பெண்கள் அவ்வளவு வருஷம் ஒத்துழைச்சாங்க, அவங்களுக்கு நாம கடமைப்பட்டிருக்கோம்.

கேள்வி: அப்ப ஸ்க்ரீனிங்கே வேணாம்ங்கிறீங்களா?

ஐயோ, இல்லைங்க. கர்ப்பப்பை வாய் கேன்சர் ஸ்க்ரீனிங் அருமையான விஷயம், கேன்சர் ஆகுறதுக்கு முன்னாடியே புடிச்சு சரி பண்ணிடலாம். 15 வயசுக்குள்ள 90 சதவீதம் பெண் பிள்ளைங்களுக்கு அந்தக் கேன்சரை உண்டாக்குற எச்பிவி வைரஸுக்கு எதிரான தடுப்பூசி, 70 சதவீதம் பெண்களுக்கு 35 வயசுக்குள்ள ஒரு தடவை, 45க்குள்ள இன்னொரு தடவை டெஸ்ட், வியாதி தெரிஞ்சவங்கள்ல 90 சதவீதம் பேருக்கு வைத்தியம், இதை 2030க்குள்ள எட்டணும்னு உலக சுகாதார நிறுவனம் இலக்கு வச்சிருக்கு. குடல் கேன்சர் ஸ்க்ரீனிங்கும் சரியா நடத்தினா நல்லது.

நுரையீரல் கேன்சருக்கு அமெரிக்காவுல 53,000 பேருக்கு மேல வச்சு நடத்தின ட்ரையல்ல, நிறைய சிகரெட் புடிச்ச 55லேருந்து 74 வயசுக்காரங்களுக்கு சிடி ஸ்கேன் எடுத்ததுல, எக்ஸ்ரே எடுத்தவங்களோட ஒப்பிட்டா அந்தக் கேன்சரால வர்ற இறப்பு 20 சதவீதம் குறைஞ்சுது. அதே ஸ்கேனை சிகரெட்டே தொடாத 40 வயசுக்காரருக்கு எடுத்தா கதை தலைகீழ். யாருக்கு, எந்த வயசுலேருந்து, எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா, எப்ப நிறுத்தணும், இந்த நாலு கேள்விக்கு பதில் தேடுறதுலதான் எங்க நேரம் பெரும்பகுதி போகுது.

கேள்வி: என் அம்மாவுக்கு ஸ்க்ரீனிங்லதான் கேன்சர் தெரிஞ்சுது, இப்ப நல்லா இருக்காங்க. உங்க கணக்கு அதை தப்புன்னு சொல்லுதா?

உங்க அம்மா நல்லா இருக்குறது ரொம்ப சந்தோஷம், அவங்க எடுத்த முடிவை எந்தக் கணக்கும் தப்புன்னு சொல்லாது. ஸ்க்ரீனிங் அவங்களைக் காப்பாத்தியிருக்கலாம், அறிகுறி வந்தப்புறம் பாத்திருந்தாலும் குணமாகியிருக்கலாம், இல்ல அது வளராமலே இருந்திருக்கலாம், மூணுல எதுன்னு ஒரு தனி மனுஷர் விஷயத்துல அவங்க டாக்டராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் முடியாது. ஆயிரக்கணக்கான பேரை ரெண்டு குழுவா பிரிச்சுப் பாத்தாதான் தெரியும். நான் பேசுறது அடுத்து கூப்பிடப் போற லட்சம் பேரைப் பத்தி.

கேள்வி: எதிர்காலத்துல கிடைக்குற ஆரோக்கியத்தைக் குறைச்சு மதிப்பிடுறீங்களாமே?

ஆமா, டிஸ்கவுண்டிங். நைஸ் வழக்கமா செலவுக்கும் குவாலிக்கும் வருஷத்துக்கு 3.5 சதவீதம் கழிக்குறாங்க. அப்படிப் பாத்தா 30 வருஷம் கழிச்சு கிடைக்குற 1 குவாலி இன்னைக்கு 0.36 தான். 1.5 சதவீதம்னு வச்சா 0.64. தடுப்பூசி இன்னைக்கு போடுறோம், பலன் முப்பது நாப்பது வருஷம் கழிச்சு, அதனால இந்த ஒரு எண்ணை மாத்தினாலே தடுப்பூசியோட தலையெழுத்து மாறிடும். செலவைத் தள்ளிப் போட்டா பணத்துக்கு வட்டி கிடைக்கும், அதனால பணத்தைக் கழிக்குறது புரியுது. ஆரோக்கியத்தையும் அதே அளவு கழிக்கணுமாங்கிறதுல துறைக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. குறைவான சதவீதம்தான் நியாயம்ங்கிறது என் கருத்து.

கேள்வி: காஸ்ட் எஃபெக்டிவ்னு நீங்களே சொன்ன மருந்தை ஏன் எல்லாருக்கும் குடுக்க மாட்டேங்குறாங்க?

மொத்தத் தொகை வேற கேள்வி. கல்லீரலைக் கெடுக்குற வைரஸ் வியாதியான ஹெபடைட்டிஸ் சிக்கு சோஃபோஸ்புவிர்ங்கிற மருந்து 2013ல அமெரிக்காவுல வந்தப்ப ஒரு மாத்திரை 1,000 டாலர், 12 வாரத்துக்கு 84,000 டாலர். பெரும்பாலானவங்களுக்கு வியாதி முழுசா குணமாகுது, கல்லீரல் சுருக்கம், கல்லீரல் மாற்று ஆபரேஷன் எல்லாம் தவிர்க்கலாம், அதனால ஒரு நோயாளிக்குன்னு பாத்தா கணக்கு நல்லாவே வந்துச்சு. ஆனா வியாதி உள்ளவங்க லட்சக்கணக்குல இருந்தாங்க, எல்லாருக்கும் ஒரே வருஷத்துல குடுக்க எந்த பட்ஜெட்டும் தாங்கல. கல்லீரல் ரொம்ப கெட்டவங்களுக்கு மட்டும்னு வரிசை போட்டாங்க, குணமாக்குற மருந்து கடையில இருக்க "இன்னும் கொஞ்சம் மோசமாகிட்டு வாங்க"ன்னு சொல்ற நிலைமை. அதனால ஐசர் பக்கத்துலயே பட்ஜெட் இம்பாக்ட்னு தனியா ஒரு கணக்கு கண்டிப்பா வேணும், விலை பேசுறதுக்கும் அதுதான் ஆயுதம்.

கேள்வி: இந்தக் கணக்கு வயசானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிங்களுக்கும் எதிரானது இல்லையா?

அந்த ஆபத்து நிஜம். மிச்ச ஆயுசு குறைவா இருந்தா கிடைக்குற குவாலியும் குறைவு. ஏற்கனவே 0.5 தரத்துல வாழுறவரைக் காப்பாத்தினா "பாதி"ன்னு எண்ணும், அது எனக்கு ஏத்துக்க முடியாத விஷயம். 1990ல அமெரிக்காவுல ஒரிகான் மாநிலம் செலவையும் பலனையும் மட்டும் வச்சு வைத்தியங்களை வரிசைப்படுத்தினப்ப, பல்லுக்கு மூடி போடுறது உயிரைக் காப்பாத்துற குடல்வால் ஆபரேஷனுக்கு மேல வந்து நின்னுச்சு. ஜனங்க கொதிச்சாங்க, வரிசையை மாத்தினாங்க. இப்ப நைஸ் 2022லேருந்து ரொம்ப கடுமையான வியாதின்னா அந்த குவாலியை 1.2ஆலயோ 1.7ஆலயோ பெருக்குறாங்க. பணக்காரங்களுக்கும் ஏழைங்களுக்கும் பலன் எப்படிப் பிரியுதுன்னு காட்டுற மாடல்களும் வருது, நிறைய வரணும்.

கேள்வி: மருந்துக் கம்பெனி காசு குடுத்து பண்ற ஆய்வை நம்பலாமா?

மாடல் ஃபைலைத் திறந்து பாக்கவிட்டா பாத்துட்டு நம்பலாம். நைஸ்ல கம்பெனி குடுக்குற மாடலை சம்பந்தமில்லாத ஒரு யுனிவர்சிட்டி குழு செல் செல்லா பிரிச்சுப் பாப்பாங்க. நீங்க வெளியில இருந்து படிக்குறீங்கன்னா ரெண்டு இடத்தைப் பாருங்க. எதோட ஒப்பிட்டிருக்காங்க? நல்ல பழைய மருந்து ஒண்ணு மலிவா இருக்கும்போது, யாருமே பயன்படுத்தாத மட்டமான மருந்தோட ஒப்பிட்டா எதுவும் ஜெயிக்கும். அப்புறம், ட்ரையல்ல அளந்தது ரிப்போர்ட் நம்பரா, மனுஷனோட நிலைமையா? இதயத் துடிப்பு கோளாறை அடக்குற சில மருந்துங்க ஈசிஜியை அழகாக்குச்சு, ஆனா 1980கள் கடைசியில நடந்த காஸ்ட் (CAST, செலவு இல்ல, ட்ரையலோட பேர்)ங்கிற ட்ரையல்ல, மாரடைப்பு வந்தவங்களுக்கு அதைக் குடுத்தப்ப சும்மா மாத்திரை சாப்பிட்டவங்களை விட அதிகம் பேர் செத்தாங்க.

கேள்வி: இந்த வேலைக்கு வர என்ன படிக்கணும்?

பொருளாதாரம், புள்ளியியல், மருத்துவம், பார்மசி, நர்ஸிங், எதுலேருந்தும் வரலாம், அப்புறம் ஹெல்த் எகானமிக்ஸ்ல ஒரு மாஸ்டர்ஸ். நர்ஸிங்லேருந்து வந்தவங்க மாடல்ல "இந்த ஊசிக்கு பதினஞ்சு நிமிஷம் ஆகாது, முக்கா மணி நேரம் ஆகும்"னு ஒரே பார்வையில சொல்லிடுவாங்க, அது புஸ்தகத்துல கிடைக்காது. சம்பளம் மருந்துக் கம்பெனி, கன்சல்டிங் பக்கம் அதிகம், யுனிவர்சிட்டி, அரசாங்கம் பக்கம் குறைவு. படிப்புல சேர்றதுக்கு முன்னாடி பிடிக்குதான்னு பாக்கணும்னா, செலவு, மதிப்பெண், நிலை மாறும் வாய்ப்பு எல்லாம் அட்டவணையா குடுத்திருக்குற ஒரு பழைய கட்டுரையை எடுத்து, அந்த மாடலை எக்செல்ல நீங்களே திரும்பக் கட்டிப் பாருங்க. அவங்க விடை உங்களுக்கும் வருதான்னு பாருங்க, வரலைன்னா எந்த அனுமானத்தை எழுதாம விட்டிருக்காங்கன்னு தேடுங்க. அந்தத் தேடல்ல உங்களுக்கு நேரம் போறதே தெரியலைன்னா தைரியமா அப்ளிகேஷன் போடுங்க.